சிபிஎஸ் ரிப்போர்ட்ஸ்: ஏவூர்தி, கூலியாட்கள், பூச்சிமருந்து

சிபிஎஸ் ரிப்போர்ட்ஸ் என்பது அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் 1959ஆம் ஆண்டு அக்டோபர் 27 முதல் ஒளிபரப்பிய ஆவணச் செய்தித் தொடர். ஒரு நிகழ்ச்சி ஒரு மணி நேரம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே பொருள். அன்றைய செய்தியைச் சொல்வது இதன் வேலை அன்று. செய்திக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை, சாதாரண மனிதருக்குப் புரியும்படி படமும் சொல்லும் சேர்த்து விளக்குவதே இதன் வேலை.

புவி ஏன் சூடாகிறது, ஒரு செயற்கைக்கோள் எப்படி மேலே போகிறது, நகரத்துக் குப்பை எங்கே போகிறது என்றெல்லாம் விளக்கும் காணொளிகளை இன்று கைப்பேசியில் பார்க்கிறோம். இந்த வகை இதழியலுக்கு இதுதான் பிறப்பிடம் என்று ஓர் இடத்தைக் காட்ட முடியாது. 1930களின் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆவணப்படங்களிலும் இதன் வேர் உண்டு. ஆனால் தொழில்நுட்பம், சமூகம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் ஒரே தொடர் மூன்றரை ஆண்டுகளுக்குள் எடுத்துக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த கோடிக்கணக்கானவர்களுக்கு விளக்கியது என்பதால் இந்தத் தொடரின் வரலாறு தனியே படிக்கத்தக்கது. அந்த மூன்று நிகழ்ச்சிகளையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் இக்கட்டுரை சொல்கிறது.

முன்கதை

எட்வர்ட் ஆர். மர்ரோ இரண்டாம் உலகப் போரின்போது லண்டனிலிருந்து வானொலியில் பேசிப் புகழ்பெற்ற செய்தியாளர். குண்டு விழும் நகரத்தின் கூரைமீது நின்று அவர் சொன்னதைக் கடலுக்கு அப்பால் அமெரிக்கர்கள் வானொலிப் பெட்டி முன் அமர்ந்து கேட்டார்கள். போருக்குப் பின் அவரும் ஃபிரெட் ஃபிரண்ட்லி என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து வானொலியில் நடத்திய நிகழ்ச்சி, 1951 நவம்பர் 18 அன்று 'சீ இட் நவ்' என்ற பெயரில் தொலைக்காட்சிக்கு வந்தது. முதல் நிகழ்ச்சியில் மர்ரோ இரண்டு திரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றில் அட்லாண்டிக் கடற்கரையையும் மற்றொன்றில் பசிபிக் கடற்கரையையும் ஒரே நேரத்தில் நேரலையாகக் காட்டினார். நாட்டின் இரு கரைகளையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பது அன்று பெரிய அதிசயம்.

1954 மார்ச் 9 அன்று செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தியை எதிர்த்து ஒளிபரப்பிய நிகழ்ச்சியைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானது அடுத்த ஆண்டு நடந்தது. 1955 ஏப்ரல் 12, இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி பயன் தருகிறது என்று அறிவிக்கப்பட்ட நாள். அன்று ஜோனஸ் சால்க்கிடம் மர்ரோ, இந்த மருந்தின் காப்புரிமை யாருக்கு என்று கேட்டார். மக்களுக்குத்தான் என்ற பொருளில் சொன்ன சால்க், சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா என்று திருப்பிக் கேட்டார். அறிவியல் செய்தியை ஒரே கேள்வியால் சமூகச் செய்தியாக்கிய இடம் அது.

மே 31, ஜூன் 7 ஆகிய இரு நாள்களில் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி இரண்டு பகுதிகள் வந்தன. மர்ரோ ஒன்றணைய ஒன்று பற்றவைக்கும் புகையாளி. திரையில் சிகரெட் இல்லாமல் அவரைப் பார்ப்பது அரிது. அந்த நிகழ்ச்சிகளில் மட்டும் கையில் சிகரெட் இல்லை. பத்து ஆண்டு கழித்து, 1965 ஏப்ரல் 27 அன்று, அதே நோயால்தான் அவர் இறந்தார். அப்போது வயது 57.

அந்த ஜூன் 7 வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. அன்றிரவு 'சீ இட் நவ்'வுக்குச் சற்று முன்னால் '64,000 டாலர் கேள்வி' என்ற வினாடி வினா நிகழ்ச்சி முதல்முறையாக ஒளிபரப்பானது. பரிசுப் பணத்தைக் காட்டி நடத்திய அந்த நிகழ்ச்சி ஒரே இரவில் நாட்டைப் பிடித்துக்கொண்டது. அதன் அக்கம்பக்கத்து நேரத்தின் விலை எகிறியது. வாரந்தோறும் வந்த 'சீ இட் நவ்' வாரநேரத்தை இழந்து, நினைத்தபோது வரும் நிகழ்ச்சியாகி, 1958இல் நின்றுபோனது. இந்த நிகழ்ச்சியால் தனக்கு ஓயாத வயிற்றுவலி என்று நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி மர்ரோவிடம் சொன்னதாக ஃபிரண்ட்லி பின்னாளில் எழுதினார்.

அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று சிகாகோவில் செய்தி இயக்குநர்கள் கூட்டத்தில் மர்ரோ பேசினார். இந்தக் கருவியால் கற்பிக்க முடியும், மனிதர்கள் அதை அதற்காகப் பயன்படுத்தினால் மட்டுமே; இல்லையெனில் அது கம்பியும் விளக்கும் நிறைந்த வெறும் பெட்டிதான் என்பது அந்த உரையின் சாரம். சொந்த நிறுவனத்தைக் குறைசொன்ன பேச்சு அது. மேலிடத்தில் யாரும் அதை ரசிக்கவில்லை.

பிறகு எப்படி சிபிஎஸ் ரிப்போர்ட்ஸ் பிறந்தது? பாதிக் காரணம் அந்த வினாடி வினா நிகழ்ச்சிகளே. பல நிறுவனங்களின் போட்டிகளில் விடைகள் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டன என்பது 1958, 59ஆம் ஆண்டுகளில் வெளிவந்து, விசாரணை நாடாளுமன்றம் வரை போனது. தொலைக்காட்சியின் பெயர் கெட்டது. 1959 மே மாதம் சிபிஎஸ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன், முக்கியப் பொருள்கள் பற்றி முதன்மை நேரத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சிகள் தொடங்கப்படும் என்று அறிவித்தார். கெட்ட பெயரைக் கழுவ நல்ல காரியம் செய்வது உலகத்துக்குப் புதிதல்ல. காரணம் எதுவானாலும் நேரமும் பணமும் கிடைத்தன. பொறுப்பு ஃபிரண்ட்லி கையில் வந்தது. மர்ரோ முதன்மைச் செய்தியாளர்களில் ஒருவரானார், ஆனால் பழைய அதிகாரம் அவரிடம் இல்லை.

வெடித்துப்போன ஏவூர்தி

முதல் நிகழ்ச்சியின் பெயர் 'பயாகிரஃபி ஆஃப் எ மிஸைல்', ஓர் ஏவுகணையின் வாழ்க்கை வரலாறு. சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கை ஏவியதிலிருந்து அமெரிக்கர்களுக்கு ஒரே கேள்வி: நாம் ஏன் பின்தங்கினோம்? ஜூனோ 2 வகை ஏவூர்தி ஒன்றை அது வரைபடத்தாளில் இருந்த காலம் முதல் கேப் கெனவரல் ஏவுதளம் வரை பல மாதங்கள் படக்குழு பின்தொடர்ந்தது. வெர்னர் ஃபான் பிரவுனின் குழு உருவாக்கிய ஊர்தி அது. தலையில் எக்ஸ்ப்ளோரர் வகைச் செயற்கைக்கோள்.

1959 ஜூலை 16 அன்று அது ஏவப்பட்டது. கிளம்பியவுடனே சாய்ந்தது. ஏறத்தாழ ஐந்தரை நொடியில் பாதுகாப்பு அதிகாரி பொத்தானை அழுத்தி அதைச் சிதறடித்தார். ஊர்தியின் வழிகாட்டும் அமைப்புக்குப் போன மின்சாரம் ஒரு சிறு குறுக்குச்சுற்றால் நின்றுபோனதே காரணம் என்று பிறகு தெரிந்தது. மாதக்கணக்கில் எடுத்த படத்தின் முடிவு ஒரு தீப்பிழம்பு.

இன்னொரு ஊர்தி வெற்றி பெறும்வரை காத்திருந்து அதன் படத்தை ஒட்டியிருக்கலாம். அக்டோபர் 13 அன்று அதே வகை ஊர்தி எக்ஸ்ப்ளோரர் 7 செயற்கைக்கோளை ஒழுங்காகவே மேலே கொண்டுசென்றது. ஆனால் எந்த ஊர்தியின் பிறப்பைக் காட்டினார்களோ அதன் சாவையும் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான உதிரிப்பாகங்களில் ஒன்று பழுதானால் என்ன நடக்கும் என்பதை எந்தப் பொறியியலாளர் பேட்டியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. வகுப்பில் ஆய்வு செய்துகாட்டும்போது சோதனை சொதப்பினால், அன்றுதான் மாணவர்கள் உண்மையாகவே கவனிப்பார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த விஷயம்.

வெட்கத்தின் அறுவடை

'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்', அதாவது வெட்கத்தின் அறுவடை, 1960 நவம்பர் 25 வெள்ளிக்கிழமை ஒளிபரப்பானது. முந்தைய நாள் அமெரிக்கர்களின் தேங்க்ஸ்கிவிங் திருநாள். குடும்பத்தோடு வான்கோழி விருந்து உண்டு, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். விருந்து செரிக்கும் முன்பே, அந்தக் காய்கறியையும் பழத்தையும் பறித்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டியது இந்த நிகழ்ச்சி. நாள் தற்செயலாக அமைந்ததன்று.

தயாரிப்பாளர் டேவிட் லோ ஃபுளோரிடாவிலிருந்து வடக்கே நியூஜெர்சி, நியூயார்க் வரை, பயிர் விளையும் திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும் கூலித் தொழிலாளர்களோடு பல மாதங்கள் பயணம் செய்தார். படத்தின் தொடக்கம் ஃபுளோரிடாவில் ஆள்பிடிக்கும் இடம். விடியற்காலையில் ஒரு மைதானத்தில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். லாரிகளின் அருகே நின்று மேஸ்திரிகள் கூலியைக் கூவுகிறார்கள். அதிகம் கிடைக்கும் லாரியை நோக்கி ஆட்கள் ஓடுகிறார்கள். இது ஆப்பிரிக்கா அன்று, அமெரிக்கா என்பதை மர்ரோவின் குரல் நினைவூட்டுகிறது. நாங்கள் முன்பு அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தோம், இப்போது வாடகைக்கு எடுக்கிறோம் என்று ஒரு நிலச்சொந்தக்காரர் சொன்னதும் படத்தில் இடம்பெறுகிறது.

ஆளைத் திரட்டி, லாரியில் ஏற்றி, தோட்டக்காரரிடம் ஒப்படைக்கும் இந்த இடைத்தரகரைப் பற்றிப் படிக்கும்போது இலங்கை, மலாயாத் தோட்டங்களின் கங்காணி முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

படத்தின் பலம் எளிய கணக்குகளில் இருக்கிறது. ஒரு தாய் காலை ஆறு மணி முதல் மாலை நான்கு மணி வரை வயலில் நின்று அன்று சம்பாதித்தது ஒரே ஒரு டாலர். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு நாளொன்றுக்கு 85 சென்ட். ஆகவே ஒன்பது வயது மகன் தன் சிறு தங்கைகளுக்குக் காவல். லோ அந்தச் சிறுவனிடம் படுக்கையில் இருக்கும் ஓட்டையைப் பற்றிக் கேட்கிறார். எலி கடித்தது என்கிறான். கேள்வியிலும் உருக்கம் இல்லை, பதிலிலும் இல்லை.

இன்னொரு கணக்கு சட்டம் பற்றியது. சந்தைக்குக் கொண்டுசெல்லப்படும் மாட்டுக்கு 28 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரும் தீனியும் கொடுத்து ஐந்து மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. கூலியாட்களோ நான்கு பகல் மூன்று இரவு நீளும் பயணத்தில், பல வேளைகளில் பத்து மணி நேரம் நிற்காமல் கொண்டுபோகப்படுகிறார்கள். மர்ரோ இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறார், கூடுதலாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ஏன் இப்படி என்ற கேள்விக்குப் படம் விடை தேடுகிறது. 1938ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வயல் வேலைக்காரர்களை விலக்கி வைத்திருந்தது. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வாக்கு எங்கும் நிலையாக இல்லை, எனவே எந்தப் பிரதிநிதிக்கும் அவர்களைப் பற்றிக் கவலையும் இல்லை. தொழிலாளர் துறைச் செயலாளர் ஜேம்ஸ் மிட்செல் படத்தில் தோன்றி, இந்த நிலை தன் மனத்தை உறுத்துகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரிய பண்ணையாளர்களின் சங்கத் தலைவரும் தன் தரப்பைப் பேசினார். ஆனாலும் இதில் இருபுறமும் சமம் என்று மர்ரோ நடிக்கவில்லை. முடிவில் நேராகப் பார்வையாளரைப் பார்த்து, இவர்களுக்காகப் பேச வலிமையான குரல் இல்லை, உங்களுக்கு இருக்கலாம் என்ற பொருளில் சொல்லி முடித்தார். செய்தியாளர் அப்படிச் சொல்லலாமா என்று அன்றே விவாதம் எழுந்தது. இன்னும் முடியவில்லை. என் பார்வையில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் சான்று காட்டிய பிறகு சொல்லும் கருத்து, தொடக்கத்திலேயே கருத்தைச் சொல்லிவிட்டுச் சான்று தேடுவதிலிருந்து வேறுபட்டது.

பண்ணையாளர் சங்கத்தினர் படம் மிகைப்படுத்துகிறது என்று கொதித்தார்கள். சட்டம் உடனே மாறிவிடவில்லை. 1962இல் இடம்பெயரும் தொழிலாளர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டத்தில் கென்னடி கையொப்பமிட்டார். குறைந்தபட்சக் கூலி 1966இல்தான், அதுவும் வயல் வேலைக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வந்தது. இவற்றுக்கு வேறு பலரின் உழைப்பும் காரணம். ஒரு படம் மட்டும் செய்ததாகச் சொல்வது மிகை.

இந்தப் படத்தின் கதையில் ஒரு கசப்பான பின்னிணைப்பு உண்டு. 1961 தொடக்கத்தில் மர்ரோ சிபிஎஸ்ஸை விட்டு விலகி, கென்னடி அரசின் தகவல் முகமையின் தலைவரானார். உலகின் கண்ணில் அமெரிக்காவை நல்லபடி காட்டுவது அந்த முகமையின் கடமை. பிரிட்டனின் பிபிசி 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' படத்தை வாங்கி ஒளிபரப்ப இருந்தது. மர்ரோ பிபிசியின் தலைவரைத் தனிப்பட்ட முறையில் தொடர்புகொண்டு, ஒளிபரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தன் குரலில் சொன்ன உண்மை வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று அவரே கேட்டார்! பிபிசி மறுத்து, ஒளிபரப்பியது. விஷயம் வெளியே கசிந்து, பழைய நண்பர்களே கண்டித்தார்கள். தான் செய்தது தவறு என்று அவர் வருந்தினார். மர்ரோவைப் பற்றிய புகழுரைகள் பலவற்றில் இந்தப் பகுதி விடுபடுகிறது. மாணவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. நாற்காலி மாறினால் நாவும் மாறக்கூடும் என்பதற்கு அவரைப் போன்றவரும் விலக்கில்லை.

ரேச்சல் கார்சனும் வெள்ளை மேலங்கியும்

ரேச்சல் கார்சன் கடலைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற உயிரியலாளர். அவருடைய 'சைலன்ட் ஸ்பிரிங்', தமிழில் மௌன வசந்தம் என்று சொல்லலாம், 1962 செப்டம்பர் 27 அன்று நூலாக வந்தது. அதற்கு முன்பே ஜூன் மாதம் நியூயார்க்கர் இதழில் பகுதிகள் வெளியாகியிருந்தன. டிடிடி முதலிய பூச்சிக்கொல்லிகளை வரைமுறையின்றித் தெளிப்பதால் என்ன நேர்கிறது என்பது நூலின் பொருள்.

அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று எளிமையானது. எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. நோயைப் பரப்பும் வண்டைக் கொல்ல மரங்களுக்கு டிடிடி அடித்தார்கள். இலை உதிர்ந்தது. உதிர்ந்த இலையை மண்புழு தின்றது. அடுத்த வசந்தத்தில் மண்புழுவை ராபின் பறவை தின்றது, செத்து விழுந்தது. பறவைமீது யாரும் மருந்து அடிக்கவில்லை. உணவுச் சங்கிலி என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வேதிப்பொருள் நிறுவனங்கள் நூலாசிரியர்மீது பாய்ந்தன. படிக்காமலே கண்டித்தவர்களும் பலர். நூல் வந்தபோதே கார்சன் மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 1960இல் அறுவைசிகிச்சை நடந்திருந்தது. நோயை அவர் வெளியே சொல்லவில்லை. சொன்னால், சொந்த நோயின் கோபத்தில் எழுதிய புத்தகம் என்று எதிராளிகள் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சம்.

சிபிஎஸ் ரிப்போர்ட்ஸ் தயாரிப்பாளர் ஜே மக்மல்லன் பல மாதங்கள் இந்தப் பொருளில் உழைத்தார். செய்தியாளர் எரிக் செவரைட். 1962 நவம்பரில் கார்சனின் வீட்டில் பேட்டி படமாக்கப்பட்டது. அவருடைய உடல்நிலை செவரைட்டின் கண்ணுக்குத் தப்பவில்லை. நிகழ்ச்சி சீக்கிரம் வெளிவர வேண்டும் என்று அவர் தயாரிப்பாளரிடம் கவலைப்பட்டார்.

ஒளிபரப்பு நாள் நெருங்கியபோது நிறுவனத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. நிகழ்ச்சி நடுநிலையாக இருக்கட்டும் என்பதே பெரும்பாலானவற்றின் வாசகம். ஒரே கை எழுதவைத்தது போலிருந்தன. ஐந்து விளம்பரதாரர்களில் மூவர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார்கள். கிருமிநாசினி விற்பவரும் உணவுப்பொருள் விற்பவர்களும் அவர்களில் அடக்கம். 1963 ஏப்ரல் 3 அன்று நிகழ்ச்சி திட்டமிட்டபடி ஒளிபரப்பானது. ஒன்று முதல் ஒன்றரைக் கோடிப் பேர் வரை பார்த்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்கள் இவர்களில் பெரும்பாலோர்.

திரையில் ஒருபுறம் கார்சன், நாற்காலியில் அமர்ந்து தன் நூலிலிருந்து நிதானமாக வாசிக்கிறார். மறுபுறம் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ராபர்ட் ஒயிட்-ஸ்டீவன்ஸ், ஆய்வகத்தில் வெள்ளை மேலங்கியும் தடித்த கண்ணாடியுமாக நிற்கிறார். கார்சன் சொல்வதைக் கேட்டால் நாம் இருண்ட காலத்துக்குத் திரும்புவோம், பூச்சியும் நோயும் பூமியை ஆளும் என்று அவர் உரத்துச் சொன்னார். இன்றைய மனிதன் இயற்கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு வருகிறான் என்பது அவர் வாதம். மனிதனும் இயற்கையின் ஒரு பகுதிதான், அதற்கெதிரான போர் தனக்கெதிரான போர் என்பது கார்சனின் பதில். வீட்டில் பார்த்தவர்களுக்கு, வெறிபிடித்த பெண் என்று நிறுவனங்கள் வருணித்தவர் அமைதியாகப் பேசுவதும், அறிவியலின் உடை அணிந்தவர் பதற்றமாகப் பேசுவதும் தெரிந்தது.

ஆனால் நிகழ்ச்சியின் முடிச்சு இவர்கள் இருவரிடமும் இல்லை என்பது என் எண்ணம். அது அரசு அதிகாரிகளின் பேட்டிகளில் இருந்தது. வேளாண்மைத் துறைச் செயலாளர் ஆர்வில் ஃபிரீமன், உணவு மருந்து நிர்வாகத்தின் ஆணையர் ஜார்ஜ் லாரிக், பொதுச் சுகாதாரத் துறையின் நீர் மாசு வல்லுநர் எனப் பலர் வந்தார்கள். இந்த மருந்து தண்ணீரில் எவ்வளவு காலம் தங்கும்? நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம் கலந்திருக்கிறது? பல ஆண்டு சிறிது சிறிதாக உடலில் சேர்ந்தால் என்ன ஆகும்? கேள்விகள் சாதாரணமானவை. பதில்கள் கிட்டத்தட்ட ஒன்றே: தெரியவில்லை. பாதுகாப்பானது என்று அனுமதித்தவர்களே தெரியவில்லை என்று சொல்வதைக் கோடிப் பேர் கேட்டார்கள். அச்சில் அந்தச் சொல்லை ஓரமாகத் தள்ளிவிடலாம். முகத்தோடு வரும்போது தள்ள முடியாது.

அடுத்து நடந்தவை வேகமானவை. செனட்டர் ஆபிரகாம் ரிபிகாஃப் தலைமையில் நாடாளுமன்ற விசாரணை ஏற்பாடானது. மே 15 அன்று குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அது பெரும்பாலும் கார்சனின் பக்கமே நின்றது. அன்றிரவே சிபிஎஸ் இரண்டாவது நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. ஜூன் 4 அன்று கார்சன் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1964 ஏப்ரல் 14 அன்று இறந்தார். வயது 56. டிடிடியின் வேளாண்மைப் பயன்பாட்டுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடைவிதித்தது 1972இல். அந்த முகமையே 1970இல்தான் உருவாகியிருந்தது.

டிடிடியும் மலேரியாவும்: ஒரு தவறான செய்தி

கார்சனின் பெயரைத் தேடினால், அவரால் டிடிடி நின்று ஏழை நாடுகளில் மலேரியாவால் கோடிக்கணக்கானோர் இறந்தனர் என்று குற்றஞ்சாட்டும் காணொளிகளும் கிடைக்கும். அதற்கு இலங்கையை எடுத்துக்காட்டுவார்கள். அங்கே 1963இல் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். 1969இல் 5 லட்சத்துக்கும் மேல். எண்கள் சரிதான். ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்று கருதி, அன்றைய ஒழிப்புத் திட்டத்தின் விதிப்படியே மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. புத்தகத்தைப் படித்து யாரும் நிறுத்தவில்லை. நோய் திரும்பியபோது மறுபடி டிடிடி அடித்தார்கள், கொசு அதற்குப் பழகிப்போயிருந்தது. 1977இல் மாலத்தியான் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள். வரைமுறையின்றி அடித்தால் பூச்சி பழகிக்கொள்ளும், பிறகு நோய்க்கும் மருந்து உதவாது என்பது கார்சனே எழுதியது. எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி அவர் எங்கும் கேட்கவில்லை.

சிறுவயதில் எங்கள் பக்கத்தில் மலேரியாக்காரர்கள் பம்புடன் வந்து வீட்டுச் சுவரெல்லாம் மருந்தடித்து, நிலைப்படியருகே தேதி எழுதிவிட்டுப் போவார்கள். சுவரில் வெள்ளையாகப் படியும். அதனால் மலேரியா குறைந்ததும் உண்மை. இந்தியா டிடிடியை வேளாண்மையில் நிறுத்தி, நோய்த்தடுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டது. இரண்டு உண்மைகளையும் ஒருசேரச் சொல்லப் பத்து நிமிடக் காணொளிக்குப் பொறுமை இருப்பதில்லை.

பிழையும் பின்விளைவும்

ஃபிரண்ட்லி பின்பு சிபிஎஸ் செய்திப் பிரிவின் தலைவரானார். 1966 பிப்ரவரியில் வியட்நாம் போர் பற்றிய செனட் விசாரணையை நேரலையாகக் காட்டாமல் 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரின் பழைய பகுதியை நிறுவனம் ஒளிபரப்பியதைக் கண்டித்துப் பதவி விலகினார். தொடர் அவரில்லாமல் நடந்தது.

1968 மே 21 அன்று வந்த 'ஹங்கர் இன் அமெரிக்கா' அந்தத் தொடரின் புகழுக்கும் பழிக்கும் சேர்ந்து காரணமானது. டெக்சாஸின் சான் அன்டோனியோ, வர்ஜீனியா, அலபாமா, அரிசோனாவின் நவஹோ மக்கள் பகுதி ஆகிய நான்கு இடங்களில் பட்டினியைக் காட்டியது. தொடக்கக் காட்சியில் ஒரு மருத்துவமனைக் குழந்தை பட்டினியால் இறந்ததாகச் சொல்லப்பட்டது. பிறகு விசாரித்ததில், அது குறைமாதத்தில் பிறந்த குழந்தை எனத் தெரிந்தது. முதல் காட்சியே பிழை. வேளாண்மைத் துறைச் செயலாளர் அப்போதும் அதே ஃபிரீமன்தான். தனக்குப் பதில் சொல்லச் சம நேரம் வேண்டும் என்று கேட்டார். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம் ஆராய்ந்து, வேண்டுமென்றே பொய் காட்டியதற்குச் சான்று இல்லை என்று முடித்தது.

அந்தக் குழந்தையின் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு, நாட்டில் பட்டினியே இல்லை என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். மற்ற காட்சிகளில் இருந்த பிள்ளைகளின் மெலிந்த கைகால்களை அந்தப் பிழை மறைக்கவில்லை. அதே ஆண்டு செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் ஊட்டச்சத்துக்கான தனிக் குழு அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உணவு அட்டைத் திட்டம் பல மடங்கு விரிந்தது.